கேமரன் மலைக்குச் சின்னப் பிள்ளையோடு: அவசரமில்லாத மூன்று நாளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பையனை மலேசியாவின் கேமரன் மலைக்கு இரண்டு முறை கூட்டிப் போயிருக்கிறோம். முதல் முறை அவனுக்கு ஒன்றரை வயது. பள்ளி விடுமுறைக் காலம். ஸ்ட்ராபெர்ரி தோட்டம், தேனீப் பண்ணை, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தேயிலைத் தோட்டம், பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் திட்டம் போட்டிருந்தோம். பார்த்ததென்னவோ முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைத்தான். பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். பையன் அழுதழுது ஓய்ந்து தூங்கிப் போனான். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இனிமே மலைப் பக்கமே வரக்கூடாது" என்றார்.

இரண்டாவது முறை அவனுக்கு மூன்று வயது. வார நடுவில் மூன்று நாள். அம்மாவும் கூட வந்தார். அம்மா பிறந்ததே மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு இறங்கி வரும்வரை கொழுந்து பறித்தவர். அந்த மூன்று நாளில் நாங்கள் பார்த்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பையன் இன்னும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறான்.

வித்தியாசம் எங்கே என்று யோசித்தால், ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் என் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தைதான் நினைவுக்கு வருகிறது. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். அங்கே ஸ்வான் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. "ஒரு நாளைக்கு ஒரே ஒரு தோட்டம்தான் அண்ணி. பிள்ளைங்க புல்லுல ஓடணும், நாம உட்காரணும். அதுக்கு மேல ஆசைப்பட்டா எல்லாம் கெட்டுப்போகும்" என்றாள். திராட்சைக்குப் பதில் தேயிலை என்று வைத்துக்கொண்டால், நமக்கும் அதே கணக்குதான். கீழே நான் சொல்வதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

இடத்தை விட நாள்தான் முக்கியம். பள்ளி விடுமுறை, நீண்ட வாரக் கடைசி, சீனப் புத்தாண்டு, ஆண்டு இறுதி, இந்த நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்த்துவிடுங்கள். மலையில் வடக்கிலிருந்து தெற்கே எல்லா ஊரையும் கோப்பது ஒரே ஒரு சாலை. கம்போங் ராஜா, கியா ஃபார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் எல்லாம் அந்தச் சாலையில் கோத்த மணிகள் மாதிரி. ஒரு இடத்தில் அடைத்தால் சுற்றிப் போக வழி கிடையாது. பள்ளிக்குப் போகாத பிள்ளை வீட்டில் இருக்கும்வரை செவ்வாய், புதன், வியாழன் உங்கள் கையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

திங்கட்கிழமை மேலே போய்ச் சேருவது போல வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'போ' (BOH) என்ற தேயிலை நிறுவனத்தின் பார்வையாளர் மையங்களுக்கு வழக்கமாகத் திங்கட்கிழமைதான் விடுமுறை. அன்று போய்ச் சாமானை இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் தோட்டத்துக்குப் போனால் சரியாக இருக்கும்.

மழைக்கு வருவோம். மலையில் மழையில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. ஏப்ரல், மே ஒரு பெருமழைக் காலம், அக்டோபர், நவம்பர் இன்னொன்று. இரண்டில் பின்னதுதான் மோசம். மண்சரிவு, சாலையடைப்புச் செய்திகள் அப்போதுதான் அதிகம் வரும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வந்த சேற்று வெள்ளத்தை இந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் மழை கொஞ்சம் குறைவாக இருக்கும். எந்த மாதம் போனாலும் காலை வெயில், மத்தியானத்துக்கு மேல் மழை என்று நினைத்துத் திட்டம் போட்டால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாம் படி: எங்கே தங்குவது

என் ஓட்டு தானா ராத்தாவுக்கு. மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் சமதரை. பெயருக்கேற்ற மாதிரி, இந்த மலையில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்காமல் கடைத்தெரு முழுக்க நடக்கக்கூடிய ஊர் இதுதான். தள்ளுவண்டி ஓடும். அரசு மருத்துவமனை இங்கேயே இருக்கிறது. விளையாட்டுத் திடல் இருக்கிறது. நம்மவர் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலையில் தோசைக்கும் இடியாப்பத்துக்கும் கார் எடுக்க வேண்டியதில்லை. பிரிஞ்சாங்கில் விடுதிகள் அதிகம், ஆனால் நெரிசலும் அங்கேதான். ரிங்லெட் அமைதியான ஊர், விலையும் குறைவு. ஆனால் கொஞ்சம் தாழ்வில் இருப்பதால் குளிர் குறைவு. எதற்கெடுத்தாலும் மேலே ஏறிப் போக வேண்டும்.

அறையைப் பதிவு செய்யுமுன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். சுடுதண்ணீர் எல்லா நேரமும் வருமா? அறை எத்தனையாவது மாடியில், லிஃப்ட் இருக்கிறதா? கூடுதல் கம்பளி கிடைக்குமா? மலையில் பெரும்பாலான அறைகளில் ஏர்கோன் கிடையாது. அது தேவையும் இல்லை. ஆனால் அறையைச் சூடாக்கும் கருவியும் இருக்காது. இரவு 15, 16 டிகிரி வரை இறங்கும். 'குளிரூரில் சுடுதண்ணீர் இல்லாமலா இருக்கும்' என்று நினைத்து முதல் பயணத்தில் நான் கேட்காமல் விட்டேன். காலை ஏழு மணிக்குப் பனிக்கட்டித் தண்ணீரில் பையனுக்குக் கால் கழுவி விட்டது நான்தான். அவன் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் கிடைத்தால் விடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி வேண்டும் என்றால் எந்தக் கடையில் போய்த் தேடுவது? ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் முட்டையும் வீட்டில் வேகிற நேரத்துக்கு வேகாது, கொஞ்சம் கூட விட வேண்டும். உயரத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். மூச்சுத் திணறல், தலைவலி வருகிற உயரம் இது இல்லை.

மூன்றாம் படி: மலையேறுவது

கோலாலம்பூர், கிள்ளான் பக்கமிருந்து வருபவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய 59-ஆம் எண் சாலையில் ரிங்லெட் வழியாக ஏறுவது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மற்றது இன்னும் வடக்கே போய், ஈப்போவுக்குச் சற்று முன்னால் சிம்பாங் பூலாயில் இறங்கி 185-ஆம் எண் சாலையைப் பிடிப்பது. தூரம் 60 கிலோமீட்டருக்கு மேல் கூடும். ஆனால் சாலை அகலம், வளைவு குறைவு.

தாப்பா சாலை அழகு. இரண்டு பக்கமும் காடு, மூங்கில், பெரணி. ஆனால் வளைவுக்கு வளைவு குடல் புரளும். எங்கள் முதல் பயணத்தில் தாப்பாவில் நிறுத்தி, பையனுக்கு வயிறு நிறைய ரொட்டி சானாய் ஊட்டி, ஒரு கிளாஸ் மைலோவும் கொடுத்து, 'மலையில் பசிக்குமே' என்று திருப்தியாகக் கிளம்பினோம். இருபது நிமிஷம்தான். அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை. கார் சீட்டின் வார்களுக்குள் போன மைலோவைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்தேன்.

அதிலிருந்து கற்றது இது. மலையேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காய்ந்த பிஸ்கட், இட்லி, வாழைப்பழம் மாதிரி லேசாக ஏதாவது கொடுங்கள். பால், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். போனையோ டேப்லெட்டையோ கையில் கொடுக்காதீர்கள். கண் ஒரு இடத்தில் நிலைத்து, உடம்பு வேறு பக்கம் ஆடினால்தான் குமட்டுகிறது. தூரத்து மலையைக் காட்டுங்கள். ஜன்னலை ஒரு விரலளவு இறக்கி வையுங்கள். காது அடைக்கும். கைக்குழந்தையானால் பால் குடிக்க வைக்கலாம், பெரிய பிள்ளையானால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சக் கொடுக்கலாம். விழுங்க விழுங்கக் காது திறக்கும். இரண்டு வயதுக்குக் கீழே பெரும்பாலும் இந்தக் குமட்டல் வராது, எங்கள் பையன் ஒரு விதிவிலக்கு. பொதுவாக வர ஆரம்பிப்பதே அதற்கு மேல்தான். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், கடைக்காரர் சொன்னார் என்று கொடுக்காதீர்கள்.

தாப்பாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் லாத்தா இஸ்கந்தார் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. அங்கே ஒரு கால் மணி நேரம் நிறுத்துங்கள். பாறை வழுக்கும், பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். சத்தத்தைக் கேட்டாலே போதும். அங்கிருந்து மேலே போகப் போக ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி மக்களின் சின்னச் சின்னக் கடைகள் வரும். பெத்தாய் எனும் காட்டு அவரை, மூங்கில் குருத்து, காட்டுத் தேன் தொங்கவிட்டிருப்பார்கள்.

கார் சீட் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜனவரி 1 முதல் அது சட்டம். சட்டத்தை விடுங்கள், இந்தச் சாலையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பிறகு, பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். பகலிலேயே ஏறிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் மூடுபனி இறங்கிவிடும்.

நான்காம் படி: பை

நம் ஊரில் குளிர் உடுப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் நாம் எல்லோரும் ஒரு தடித்த சுவெட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். மலையில் பகலில் வெயில் வந்தால் 22, 23 டிகிரி. ஓடுகிற பிள்ளைக்கு அந்தச் சுவெட்டருக்குள் வேர்க்கும். வேர்வை குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, முழுக்கை ஒன்று, அதற்கு மேல் லேசான மழைச்சட்டை என்று அடுக்கடுக்காகப் போட்டு, வேண்டும்போது கழற்றுங்கள். காலுறை மட்டும் நினைத்ததை விட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளையும் எப்படியோ சேற்றைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு பிளாஸ்க், சாதாரணமாகப் போடும் மருந்துகள், வெப்பமானி, ஈரத் துணி, ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பை. தள்ளுவண்டி தானா ராத்தாவுக்கு மட்டும்தான் உதவும். தேயிலைத் தோட்டத்தில் படிக்கட்டும் மண்பாதையும்தான். மூன்று வயதுக்குக் கீழே என்றால் முதுகிலோ மார்பிலோ கட்டித் தூக்கும் பை கட்டாயம் வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் நாள், சும்மா இருங்கள்

இதுதான் கஷ்டமான படி. மலைக்கு வந்தாயிற்று, மணி இரண்டு, வெளிச்சம் இருக்கிறது. கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அறைக்குப் போய், பிள்ளையைக் குளிப்பாட்டாமல் முகம் கைகால் மட்டும் துடைத்து, தூங்க வையுங்கள். நீங்களும் படுங்கள்.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு நடை. எங்கள் பையனுக்கு அன்று கிடைத்த பெரிய காட்சி லேண்ட் ரோவர். கேமரனில் அரதப் பழசான லேண்ட் ரோவர்கள் இன்னும் வேலை செய்கின்றன. கதவு துருப்பிடித்து, பின்னால் கோஸ் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, ஒரு மாதிரி இருமிக்கொண்டே ஏறும். சாலையோரம் ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து அவற்றை எண்ணினான். அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது, அதனால் இரண்டு முறை பத்து வரை எண்ணினான். காசு செலவில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் எனக்கொரு தே தாரிக். அன்றைய பொழுது முடிந்தது.

ஆறாம் படி: தேயிலைத் தோட்டம்

இரண்டாம் நாள் காலைதான் பயணத்தின் நடுப்பாகம். எந்தத் தோட்டம் என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்துவிடுங்கள். ஒன்றே ஒன்று.

பொதுவாக மூன்று வாய்ப்பு. போ நிறுவனம் 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் தொடங்கியது. அதற்கு மலையில் இரண்டு இடத்தில் பார்வையாளர் மையம் இருக்கிறது. சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங்குக்கு மேலே. பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் மேடையிலிருந்து காட்சி பிரமாதம். ஆனால் போகும் வழி ஒற்றைக் கார் அகலம், எதிரே இன்னொரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஹாபு பக்கத்தில் இருக்கும் பழைய போ தோட்டத்துக்குக் கூட்டம் குறைவு. மூன்றாவது, 1933-இல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டம். கேமரன் வேலி என்ற பெயரில் அதன் தேநீர்க் கடைகள் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் பெரிய சாலை ஓரத்திலேயே இருக்கின்றன. குறுகிய சாலையில் ஓட்டப் பயம் என்றால், பிள்ளைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை என்றால், இதுவே போதும். இறங்கினால் தேயிலை, ஏறினால் கார்.

நாங்கள் சுங்கை பாலாஸுக்குப் போனோம். காலையில் எழுப்பி, "போ தோட்டத்துக்குப் போகலாமா?" என்று கேட்டேன். பையன் முகம் வாடிவிட்டது. "நான் போ மாட்டேன்" என்றான். தன்னைத்தான் 'போ' என்று விரட்டுகிறோம் என நினைத்துவிட்டான். அதைச் சரிசெய்யவே பத்து நிமிஷம் ஆயிற்று.

காலையில் திறக்கும்போதே அங்கே இருங்கள். அந்த நேரத்தில் குறுகிய சாலையில் எதிரே கார் வராது. பனி இன்னும் பள்ளத்தில் கிடக்கும். பத்தரைக்கு மேல் சுற்றுலா வேன்கள் வர ஆரம்பிக்கும், அப்போது நீங்கள் கிளம்பிக்கொண்டிருக்க வேண்டும்.

தேயிலை ஆலைக்குள் பார்வையாளரை விடும் நாளா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால், பிள்ளையை விளக்கப் பலகைகளின் முன் நிறுத்தாதீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போங்கள், அதாவது மூக்கு காட்டும் வழியில். கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். அங்கே வெட்டின புல் வாசம். பிறகு உருட்டி நசுக்குவார்கள். சாறு காற்றோடு சேர்ந்து இலை செம்பு நிறமாக மாறும், வாசம் புளிப்பாகப் பழ வாசம் மாதிரி திரும்பும். பிறகு உலர்த்துவது. அப்போதுதான் நம் வீட்டுத் தேயிலை டப்பாவைத் திறந்தால் வருகிற மணம். கடைசியில் சலித்துத் தூள் வேறு, இலை வேறாகப் பிரிப்பது. நான்கைந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது. பையன் ஒவ்வொரு இடத்திலும் மூக்கை நீட்டி, "இது பச்சை", "இது ஆரஞ்சு" என்று வாசத்துக்கு நிறம் சொன்னான். பெரிய பிள்ளைகளுக்கு இயந்திரச் சத்தம் பிடிக்கும். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளையானால் உள்ளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வெளியே செடிகள் இருக்கின்றன.

வெளியே வந்ததும் அம்மா பாதையோரத்துச் செடிப் பக்கத்தில் குனிந்தார். அவருக்கு முட்டி வலி. உட்கார்ந்தால் எழ முடியாது என்று நான் சொன்னேன், காதில் வாங்கவில்லை. பேரனைப் பக்கத்தில் நிறுத்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு துளிருக்கு இரண்டு பக்கமும் வைத்தார். "இது ரெண்டு எலை, நடுவுல இருக்குல்ல, அது மொட்டு. இம்புட்டுதான் எடுக்கணும். நகத்தால கிள்ளக்கூடாதுடா, விரலால ஒடிக்கணும்" என்றார். ஒடிக்கவில்லை. இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். மொட்டின் மேல் மெல்லிய வெள்ளை முடி இருந்தது, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அம்மாவின் விரல்கள் அடுத்த துளிருக்கு, அதற்கடுத்ததற்கு என்று தானாகவே போய்க்கொண்டிருந்தன, காற்றில் பறிப்பது போல. நான் குழந்தையாக இருந்தபோது என் தலையில் பேன் பார்த்த வேகமும் அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

நீங்களும் பறிக்காதீர்கள். அது யாரோ ஒருவரின் வேலையிடம். செடி வரிசைக்குள் படம் எடுக்க இறங்குபவர்கள் கொழுந்தை மிதிக்கிறார்கள். சரிவில் கால் தவறினால் பிள்ளையும் உருளும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் மாதிரித் தெரிவதே கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பதால்தான். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகவே வளர்ந்துவிடும். இப்போது சமமான இடங்களில் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம் வெட்டுகிறது, சில இடங்களில் பெரிய கத்தரி. வேலை செய்பவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அம்மா காலத்தில் விடியுமுன் பெரட்டு (பெயர் கூப்பிடுவது), முதுகில் கூடை, மழை என்றால் இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் விரிப்பு. "அட்டை கடிச்சா உப்பு வெப்போம்" என்று அவர் சொன்னதைப் பையன் நாள் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தோட்டத்துக்குள் லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கண்ணில் படும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போடலாம். வீடுகளை மட்டும் எட்டிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டாம். நம் பாட்டி வீட்டை யாராவது அப்படிப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஏழாம் படி: சாப்பாடும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும்

தேநீர் மேடையில் உட்கார்ந்ததும் பிள்ளை உங்கள் கோப்பையைக் கேட்கும். கொடுக்காதீர்கள். தேநீரில் கஃபீன் இருக்கிறது. அதோடு சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாத சங்கதி. எங்கள் ஏற்பாடு: அவனுக்கென்று ஒரு குட்டிக் கோப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். பிளாஸ்கில் இருந்த சூடான பாலை அதில் ஊற்றி, "இது உன் தேத்தண்ணி" என்றோம். அவனும் எங்களைப் போலவே ஊதி ஊதிக் குடித்தான். ஸ்கோன் என்ற ரொட்டியும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் பகிர்ந்துகொள்ளலாம். வெள்ளைக்காரன் விட்டுப் போனவற்றில் அது ஒன்று உருப்படி.

தேன் இன்னும் முக்கியம். மலை முழுக்கத் தேனீப் பண்ணைகள், சாலையோரத்தில் காட்டுத் தேன். ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு துளிகூட நாக்கில் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "உனக்கெல்லாம் சேனைத் தண்ணியே தேன்லதான் வெச்சேன்" என்றார். அவரோடு வாதாட முடியாது, தேன் பாட்டிலை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ராத்திரிக்கு ஸ்டீம்போட் ஊர்ப் பிரசித்தம். மேசை நடுவே கொதிக்கும் சட்டி, சுற்றிலும் எட்டிப் பிடிக்கும் கை. மூன்று வயதுப் பிள்ளையோடு நான் போக மாட்டேன். சோறு, ரசம், பொரியல் என்று முடித்துக்கொண்டோம்.

எட்டாம் படி: மத்தியான மழை

மழை பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளை தூங்கும் நேரம்தானே அது. மூன்று மணிக்கு விட்டால், தானா ராத்தாவிலிருந்து பாரிட் அருவிக்குப் போகும் சின்ன நடைபாதை இருக்கிறது. அரை மணி நேரத்தில் பொறுமையாகப் போய்விடலாம். பெரணி, பாசி, காட்டுப் பூ எல்லாம் பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கும். ஆற்றுத் தண்ணீர் சுத்தமில்லை, கை வைக்க விடாதீர்கள். மழை விடாவிட்டால் ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பிள்ளையை ஏற்றி நிறுத்துங்கள். மூடுபனி வந்து எதிர் மலையை மறைப்பதும் திரும்பக் காட்டுவதும் ஒரு மணி நேர விளையாட்டு.

பாசிக்காடு எனப்படும் மேகக்காட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பிரிஞ்சாங் மலையுச்சிப் பக்கம், 2,000 மீட்டர் உயரம். அழகுதான். ஆனால் சாலை மோசம், மரப்பாலம் ஈரம், குளிர் அதிகம். பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் போய்க்கொள்ளலாம், காடு அங்கேயேதான் இருக்கும். பசார் மாலாமும் அப்படித்தான். வாரக் கடைசி இரவுக் கூட்டத்தில் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது முழங்கால்கள் மட்டும்.

இடையில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால், விடுதிக்காரரிடம் பக்கத்துக் கிளினிக்கைக் கேளுங்கள். முடியாவிட்டால் தானா ராத்தா மருத்துவமனை. இரவில் மலை இறங்கிக் கீழே கொண்டுபோகலாம் என்று அவசரப்பட வேண்டாம். அவசரம் என்றால் 999.

ஒன்பதாம் படி: கடைசி நாள்

மூன்றாம் நாள் காலை ஸ்ட்ராபெர்ரி. எந்தத் தோட்டமானாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தானே பறித்து எடை போட்டு வாங்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். செடிகள் இடுப்புயரத் தட்டுகளில் வளர்ப்பதால் பிள்ளைக்குக் கை எட்டும். பறித்ததை அங்கேயே வாயில் போட விடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். நன்றாகக் கழுவிய பிறகுதான். புளிப்பாக இருக்கும். எங்கள் பையன் ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்து, மீதியைப் பாட்டி கையில் திணித்துவிட்டு, அடுத்ததைப் பறிக்கப் போய்விட்டான். அவனுக்குப் பறிப்பதுதான் வேலை.

பத்து மணிக்குக் கிளம்பி, வடக்கே கியா ஃபார்ம் வழியாக இறங்குங்கள். ஏறும்போது தாப்பா, இறங்கும்போது சிம்பாங் பூலாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு சாலையும் பார்த்த மாதிரி ஆயிற்று. இறங்கும் பாதை அகலமாக இருப்பதால் பிள்ளை தூங்கிவிடும். கியா ஃபார்ம் சந்தையில் சோளம், சர்க்கரைவள்ளி, கீரை வாங்கலாம். வார நடுக் காலையில் கார் நிறுத்த இடமும் கிடைக்கும். கீழே இறங்கியதும் ஈப்போப் பக்கத்துத் தம்புன் பம்ப்ளிமாஸ் கடைகள், அம்மா அங்கே பேரம் பேச அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

காய்கறியை டிக்கியில் போடுங்கள். தேயிலைப் பொட்டலத்தைத் தேன், வெங்காயம் பக்கத்தில் வைக்காதீர்கள், வாசத்தை இழுத்துக்கொள்ளும். ஸ்ட்ராபெர்ரி டப்பாவைக் கார் சீட்டிலிருந்து பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். எட்டுகிற தூரத்தை நாங்கள் தப்பாகக் கணக்குப் போட்டோம். மைலோக் கறைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிவப்புக் கறையும் இருக்கிறது.